கேக்கில் வைத்த புள்ளி

மராத்தி தேசத்துத் தேஹு ரோடு ஸ்டேஷனில் இறங்கி "ஜோஸ்பின் வீடு எங்கே?" என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. "கேக் ஆன்ட்டி" என்று கேட்டால் ஷேர் ஆட்டோக்காரரிலிருந்து கோழிக்கடைக்காரர் வரை எல்லோரும் ஒரே திசையில் கை நீட்டுவார்கள். கூடவே ஒரு கேள்வியும் வரும்: "கேக் மட்டுமா, மேலே எழுதவும் வேண்டுமா?" கேக் மட்டும் என்றால் நிம்மதியாக வழி சொல்வார்கள். எழுதவும் வேண்டும் என்றால் கொஞ்சம் சிரித்துவிட்டு வழி சொல்வார்கள்.

காரணம் ஊரறிந்தது. ஜோஸ்பின் ஆன்ட்டியின் கேக்கை வாயில் போட்டவர் யாரும் குறை சொன்னதில்லை. வாயில் போடுவதற்கு முன் படித்தவர்கள்தான் சொல்லியிருக்கிறார்கள்.

ஆன்ட்டியின் அப்பா பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து ராணுவ டெப்போ வேலைக்கு வந்தவர். ஆன்ட்டி பிறந்தது, வளர்ந்தது, அதே டெப்போவில் வேலை பார்த்த லியோனார்டைக் கட்டிக்கொண்டது எல்லாம் இங்கேதான். ஜெபத்துக்குத் தமிழ், காய்கறிக்கு இந்தி, குழாயடியில் சண்டைக்கு மராத்தி, சர்ச் கமிட்டிக்கு இங்கிலீஷ் என்று நான்கு மொழிகளைத் தனித்தனி டப்பாக்களில் வைத்திருந்தார். ஸ்பெல்லிங் என்று ஒன்று எந்த டப்பாவிலும் இல்லை.

அதற்கும் ஒரு வரலாறு உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நகரத்தில் கேம்ப் என்ற கடைவீதிப் பகுதியில் ஒரு பார்சி அம்மாள் கேக் அலங்கார வகுப்பு நடத்தினார். ரயிலேறிப் போய் ஆன்ட்டி அதில் சேர்ந்தார். ரோஜா, கூடைப் பின்னல், அன்னப்பறவை எல்லாம் படிந்தது. கடைசி வகுப்பு எழுத்து. அன்றைக்குப் பார்த்து மகள் ஃபேபியோலாவுக்கு மணல்வாரி அம்மை. ஆன்ட்டி வகுப்புக்குப் போகவில்லை. போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் சேர்த்தே சர்டிபிகேட் கொடுத்துவிட்டார்கள். அது இன்றும் முன்னறையில், இயேசு படத்துக்கு ஒரு சாண் கீழே, மரியாதையான இடைவெளியில் தொங்குகிறது.

பிறகு வட்ட அலுமினிய ஓவன் ஒன்று வந்தது. கேக்கோடு கட்லெட், சட்னி சாண்ட்விச், லெமன் ரைஸ் என்று பார்ட்டிக்கான பலகாரங்களும் வீட்டிலிருந்தே போகத் தொடங்கின. முட்டையில்லாத கேக் கேட்பவர்கள் வந்தபோது முதலில் அது கோழியில்லாத கோழிக்குழம்பு போல ஆன்ட்டிக்குத் தோன்றியது. ஆனாலும் செய்தார். ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

எழுத்து மட்டும் அதன் போக்கில் போயிற்று. சன்னி என்ற பஞ்சாபிப் பையனின் பிறந்தநாள் கேக்கில் ஆன்ட்டி காதில் விழுந்தபடி 'HAPPY BIRTHDAY SANI' என்று எழுதினார். பஞ்சாபிகள் சந்தோஷமாகச் சாப்பிட்டார்கள். அழைப்புக்குப் போயிருந்த தமிழர்கள் மட்டும் "சனி பகவானுக்கு எத்தனாவது பிறந்தநாள்?" என்று விசாரித்தார்கள். இன்னொரு கேக்கில் 'ANNIVERSA' வரை வந்ததும் இடம் தீர்ந்துவிட்டது. ஆன்ட்டி தளரவில்லை. 'RY' இரண்டையும் கேக்கின் ஓரத்தில் கிணற்றில் வாளி இறக்குவதுபோல் இறக்கிவிட்டார். அதைப் புது டிசைன் என்று நினைத்து அடுத்த மாதம் இரண்டு பேர் அப்படியே கேட்டார்கள்.

லியோனார்ட் அங்கிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெப்போவுக்கு வரும் சாமான்களைச் சோதித்து, குறையிருந்தால் சிவப்பு முத்திரை குத்துவது அவர் வேலை. வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. தோசையின் விளிம்பு, திரைச்சீலையின் தையல், பிரசங்கத்தின் நீளம் எல்லாமே பரிசோதனைக்கு உட்பட்டவை. மகளுக்கு வந்த மாப்பிள்ளைகளில் ஐந்தாறு பேர் முத்திரை வாங்கித் திரும்பினார்கள். பெனிஸ்டன் என்ற பையன் மட்டும், சிறு குறைகளோடு ஏற்றுக்கொள்ளப்பட்டான்.

கல்யாணம் 2006 ஜனவரி என்று முடிவானது. பிரச்சினை கல்யாணத்தில் இல்லை. கேக்கில்.

"மம்மி, ப்ளீஸ், கேம்ப்ல அந்தக் கடையில சொல்லிடலாம். ஏக்தம் ஸ்மூத்தா பண்றாங்க" என்றாள் ஃபேபியோலா. ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பஸ் கண்ணாடியில் முகம் பார்த்துக்கொள்ளும் வயது.

"ஏட்டி, ஊரு பூராக் கல்யாணத்துக்கும் நான் கேக் செய்யுதேன். பெத்த பிள்ள கல்யாணத்துக்குக் கடையில வாங்கினா, கோயிலுக்கு வாறவங்க என்ன சொல்லுவாவ?"

"என்ன சொல்வாங்கன்னு பயமில்ல மம்மி. என்ன படிப்பாங்கன்னுதான் பயம். ஃபேபியோலா, பெனிஸ்டன். ரெண்டு பேரையும் சேர்த்து நீ எழுதினா என்னாகும்? ஜின்தகி பர், ஆயுசு பூரா ஃபோட்டோல இருக்கும்!"

ஆன்ட்டி அடுப்படிக்குப் போய் ஒரு பாத்திரத்தைத் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு வைத்தார். உண்மையில் நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு, பக்கத்து வீட்டு ரிட்டயர்டு சுபேதாரிடம் ஒரு பாட்டில் ரம் வாங்கி, திராட்சையும் முந்திரியும் செர்ரியும் போட்டுப் பீங்கான் ஜாடியில் ஊற வைத்தாயிற்று. அது மகளுக்குத் தெரியாது. சுபேதாருக்குத் தெரியும். ஆகவே காலனிக்கும் தெரியும். மகள் கல்யாண கேக்கைத் தன் கையால் செய்ய வேண்டும் என்பதைத் தவிர ஆன்ட்டிக்கு அந்த வருடம் வேறு ஆசை கிடையாது.

கடைசியில் ஃபேபியோலாவே ஒரு வழி சொன்னாள். "என் டீம் லீடர் பாலா சாரோட வொய்ஃபுக்கு பர்த்டே. கேக் நம்மகிட்டதான் சொல்றார். அதுல ஒரு தப்புகூட இல்லேன்னா, கல்யாண கேக் நீயே பண்ணு. ஒரே ஒரு தப்பு வந்தாலும் கேம்ப். டீக்?"

"டீக்" என்றார் ஆன்ட்டி.

அங்கிள் பேப்பரை இறக்கி, "இன்ஸ்பெக்ஷன் நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அப்போதே ஆன்ட்டி உஷாராகியிருக்க வேண்டும்.

அன்று மாலையே பாலச்சந்திரன் போன் செய்தார். கோயம்புத்தூர்க்காரர். வாகடில் புதிதாக எழும்பிய அடுக்குமாடிகளில் ஒன்றில் வீடு வாங்கிக் குடியேறியிருந்தார்.

"ஆன்ட்டி, சாக்லேட் கேக்குங்க. எழுத்து மட்டும் தமிழ்ல வேணுமுங்க."

"தமிழ்லயா?"

"எங்கக்கா கோதை கோயமுத்தூர்ல இருந்து வருதுங்க. தமிழ் டீச்சர். எம் பொண்ணு மீனு தமிழே பேசறதில்லைன்னு ஏற்கெனவே போன்ல என்னைக் காய்ச்சி எடுக்குது. கேக்லயாச்சும் தமிழ் இருக்கட்டுமுங்க."

"நல்ல காரியம் தம்பி. என்ன எழுதணும்?"

"ஆயின்னு எழுதோணுங்க."

ஆன்ட்டி ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார். "மராத்தி ஆயியா? அம்மா ஆயியா?"

"அதேதானுங்க. பாப்பா டே-கேர்ல பழகிட்டு அவங்கம்மாவ அப்படித்தான் கூப்பிடறா. அம்மான்னு எழுதலாமான்னு கேட்டேன். அது யாருன்னு கேக்கறா."

மராத்திச் சொல், தமிழ் எழுத்து, இங்கிலீஷ் கேக். தேசிய ஒருமைப்பாட்டுக்கு இதைவிடச் செலவு குறைந்த திட்டத்தை எந்த அரசும் கண்டுபிடித்ததில்லை.

பாலச்சந்திரன் எழுதி அனுப்பட்டுமா என்று கேட்டார். "எனக்குத் தெரியும் தம்பி" என்று ஆன்ட்டி மறுத்துவிட்டார். தெரியவும் செய்தது. தமிழ் எழுத்துகளை அவர் படித்தது ஞாயிறு பள்ளியில். 'ஆண்டவர்' என்பதில் முதல் எழுத்து, 'கோயில்' என்பதில் நடு எழுத்து. இரண்டையும் சேர்த்தால் ஆயி. இங்கிலீஷில் பதினைந்து எழுத்து எழுதித் தடுமாறுகிறவருக்கு இரண்டே எழுத்து எவ்வளவு பெரிய வரம்! அந்த வாரம் முழுக்க எவர்சில்வர் தட்டில் வெள்ளைக் கிரீமால் எழுதிப் பழகினார். எழுதிய தட்டுகளை அங்கிள் ஒவ்வொன்றாக வழித்துச் சாப்பிட்டு, "இனிப்பு கூடுதல்" என்று அறிக்கை கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை கேக் தயாரானது. பெரிய வட்டம். சுற்றிலும் சாக்லேட் கிரீமை அகலமாகத் தொடங்கி, சுற்றிச் சுற்றி மேலே கூராக முடிக்கும் சுருள்கள். ஒவ்வொரு சுருளுக்கும் நடுவில் வெள்ளி நிற மிட்டாய் உருண்டை ஒன்று. நடுவே வெள்ளையில், 'ஆயி'. ஆ-வின் சுழி கோயில் மணி மாதிரி தொங்கியது. யி-யின் தலைக்கொக்கி ஒய்யாரமாக வளைந்து நின்றது. ஆன்ட்டி கொஞ்ச நேரம் கைகட்டி நின்று பார்த்தார். வாழ்க்கையில் முதன்முறையாகத் தப்பில்லாமல் எழுதிய கேக். புடவை மாற்ற உள்ளே போனார்.

அங்கிள் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தார்.

லியோனார்ட் படித்தது இந்தி மீடியம். தமிழ் பேசுவார், பாடுவார், படிக்க வராது. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் சர்ச் வாசலில் தமிழ் அறிவிப்புப் பலகைக்கு எதிரில் நின்று ஸ்கூட்டர் துடைப்பவர். தமிழ் என்றால் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். புள்ளி இருக்கும். பலகை முழுக்க மழை தூறினதுபோல் புள்ளி. இங்கே? ஒன்றுகூட இல்லை. போதாததற்கு இரண்டாவது எழுத்தின் தலையில் கிரீம் வழிந்து வளைந்து நிற்கிறது. இந்த மாதிரிச் சாமானை முப்பது வருடத்தில் ஒருநாளும் அவர் பாஸ் செய்ததில்லை. வெண்ணெய்க் கத்தியை எடுத்து அந்த வழிசலைச் சுத்தமாக நீக்கினார். தட்டில் மீந்திருந்த வெள்ளி உருண்டை ஒன்றை எடுத்து, அதே இடத்தில் நடுவாக, அழகாக வைத்தார். பெட்டியை மூடி ரிப்பன் கட்டினார்.

ஃபேபியோலாவும் ஆன்ட்டியும் இஸ்மாயில் பாயின் ஆட்டோவில் கேக்கோடு போனார்கள். அங்கிள் கட்லெட் டப்பாக்களோடு ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தார்.

வாகட் வீட்டில் நல்ல கூட்டம். அடுக்குமாடித் தமிழர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். எதிர்வீட்டு மராத்திக்காரப் பெண்ணும் வந்திருந்தாள். பிறந்தநாள்காரி சந்திரிகா பட்டுப்புடவையில். கோதை டீச்சர், வகுப்பு தொடங்கக் காத்திருப்பவர்போல, நடு சோபாவில். மீனு ஓடிவந்து மூடியைத் திறந்தாள்.

"அக்கா, பாரு! தமிழ்!" என்றார் பாலச்சந்திரன் பெருமையாக.

டீச்சர் கண்ணாடியை மாட்டினார். குனிந்தார். கடைசி பெஞ்சுக்கும் கேட்கும் குரலில் படித்தார்:

"ஆய்."

ஹாலில் எல்லோருடைய கண்களும் எழுத்திலிருந்து மெல்ல விலகி, சுற்றியிருந்த பழுப்புச் சுருள்களுக்குப் போயின.

"சார்," என்றான் முகுந்த், மாடியில் தனியாகக் குடியிருக்கும் சென்னைப் பையன். "இது சாக்லேட்தானே?"

அவ்வளவுதான். சிரிப்பு வெடித்தது. ஒருவர் சோபாவைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, எம் பொறந்தநாளுக்கு இதைத்தான் எழுதச் சொன்னீங்களா?" என்றாள் சந்திரிகா.

"ஐயோ, நான் ஆயின்னுதான் சொன்னேன்!"

"அதுவேதான கேக்குல இருக்குது!"

"காய் ஜாலம்? என்ன ஆச்சு?" என்று மராத்திக்காரப் பெண் கேட்டாள். கேக்கில் ஆயி என்று எழுதியிருக்கிறது என்று யாரோ திணறித் திணறிச் சொன்னார்கள். அவள் நெஞ்சில் கைவைத்து, "கித்தி கோட்! எவ்வளவு இனிமை!" என்று உருகினாள். அதற்குப் பிறகு சிரிப்பை அடக்க யாராலும் முடியவில்லை.

ஃபேபியோலா சிரிக்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேம்ப் கடையின் விலாசம் முழுவதும் எழுதியிருந்தது.

ஆன்ட்டி கேக்கைப் பார்த்தார். கொக்கியைக் காணோம். இருந்த இடத்தில் வெள்ளியாய் மின்னிக்கொண்டு ஒரு புள்ளி. மெதுவாகத் தலையைத் திருப்பிக் கணவரைப் பார்த்தார். அங்கிள் கட்லெட் தட்டோடு முகமலர்ச்சியாக நின்றிருந்தார்.

"பாத்தியா ஜோஸு? கிரீம் வழிஞ்சி கெடந்துச்சு, துடைச்சேன். புள்ளியும் விட்டுருந்த. நான்தான் வச்சேன்."

"நீங்களா வச்சிய?"

"பின்ன? தமிழ்னா புள்ளி வேண்டாமா?"

"அது வழிசல் இல்ல, எழுத்து! எனக்கு இருந்த ஒரே ஒரு கொக்கி!" என்றார் ஆன்ட்டி. "ஒரு தப்பு இல்லாம எழுதினேன்..."

கோதை டீச்சர் நிலைமையைப் புரிந்துகொண்டார். "பரவாயில்லீங்க. பழைய தமிழ்ல ஆய்ன்னாலும் தாய்தானுங்க" என்றார்.

"பழைய தமிழ்ல கேக் இல்லையே டீச்சர்" என்றான் முகுந்த்.

டீச்சர் அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இரண்டு விரலால் அந்தப் புள்ளியை எடுத்து வாயில் போட்டு, நறுக்கென்று கடித்தார். ஒரு சுருளில் விரலைத் தோய்த்து, ய-வின் தலையில் பழுப்பாக ஒரு கொக்கி இழுத்தார்.

"திருத்தின மை வேற கலர்லதான் இருக்கோணும்" என்றார். "மீனு, இங்க வா. இது ஆ. இது யி. சேர்த்துச் சொல்லு."

"ஆ... யி. ஆயி!" என்று கத்திக்கொண்டு மீனு போய் சந்திரிகாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் படித்த முதல் தமிழ்ச் சொல் மராத்தி.

அதன் பிறகு கேக்கின் கதை சுருக்கம். வெட்டினார்கள், தீர்ந்தது. 'ஆ' யாருக்கு என்று சின்னச் சண்டை நடந்தது. பெட்டியில் ஒட்டியிருந்த கிரீமை முகுந்த் வழித்துச் சாப்பிட்டதை எல்லோரும் பார்த்தார்கள். இன்னொரு கேக் எப்போது கிடைக்கும் என்று ஆன்ட்டியைச் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். ஆன்ட்டி சொன்ன பதில் அவருக்கே கேட்கவில்லை. மகள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.

திரும்பும்போது ஆட்டோவில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்தார்கள். வாகட் போயிற்று, ஹைவே வந்தது. இஸ்மாயில் பாய் கண்ணாடியில் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"க்யா ஹுவா ஆன்ட்டி? கேக் கீழே விழுந்துடுச்சா?" என்று இந்தியில் கேட்டார்.

ஃபேபியோலாதான் எரிச்சலோடு சொல்லத் தொடங்கினாள். சொல்லத் தொடங்கினால் பாதியில் நிறுத்த முடியாத கதை அது. டாடி கொக்கியை எடுத்ததைச் சொன்னாள், புள்ளி வைத்ததைச் சொன்னாள், டீச்சர் படித்ததைச் சொன்னாள். அப்படியும் பாய்க்குப் புரியவில்லை. ஆயி என்றால் அம்மா, அதில் சிரிக்க என்ன இருக்கிறது? தமிழில் அதற்கு என்ன அர்த்தம் என்று இந்தியில் விளக்க வேண்டியதாயிற்று. விளக்கினாள்.

இஸ்மாயில் பாய் ஆட்டோவை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு ஹேண்டில் மேல் கவிழ்ந்து சிரித்தார். "சாக்லேட் கேக் மேலேயா? யா அல்லா!"

ஃபேபியோலா உதட்டைக் கடித்துக்கொண்டாள். முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பின்னால் வந்த அங்கிள் ஸ்கூட்டரை நிறுத்தி, "ஏன் நிக்கிய? பஞ்சரா?" என்று கேட்டதும் இன்னும் சிரித்தாள். அம்மாவின் தோளில் சாய்ந்து சிரித்தாள்.

ஆன்ட்டி மட்டும் சிரிக்கவில்லை. "தப்பு தப்புதான்" என்றார். "பேசினது பேசினதுதான். கேம்ப்லயே சொல்லிரு."

"மம்மி, நீ எழுதினது ரைட்தானே?"

"ரைட்டுதான். கர்த்தர் சாட்சி."

"அப்ப தப்பு டாடியோடது. டாடிக்கும் எனக்கும் ஒரு டீலும் இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, அந்த ஜாடியில ரம் இன்னும் இருக்கா, இல்ல எல்லாம் திராட்சை குடிச்சிடுச்சா?"

"எந்த ஜாடி?"

"என் கட்டிலுக்குக் கீழ இருக்கறது. ரெண்டு மாசமா என் ரூம் தாரு அட்டா, சாராயக்கடை மாதிரி மணக்குது. ஆபீஸ்ல என் துப்பட்டாவ மோந்து பார்க்கிறாங்க!"

இப்போது ஆன்ட்டி சிரித்தார்.

"ஆனா ரெண்டு கண்டிஷன்" என்றாள் மகள். "கேக்ல ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது. எந்த மொழியிலயும். அப்புறம், டாடி கிச்சன் பக்கமே வரக் கூடாது."

ஜனவரியில் சர்ச் ஹாலில் அந்தக் கேக் நின்றது. மூன்றடுக்கு, பால்வெள்ளை, சுற்றிக் கூடைப் பின்னல், ரோஜாக்கள். உள்ளே சுபேதாரின் ரம். எழுத்து என்று ஒன்று இல்லை. ஊர் வழக்கப்படி படிப்பதற்காக முன்வரிசைக்கு வந்தவர்கள் ஏமாந்து திரும்பினார்கள்.

கத்தியைக் கையில் எடுத்த ஃபேபியோலா மேலடுக்கைப் பார்த்தாள். வெள்ளை மேல் வெள்ளியாக, நட்டநடுவில், ஒரே ஒரு உருண்டை.

"மம்மி! என்ன இது?"

"புள்ளி."

"எழுத்தே கூடாதுன்னு சொன்னேன்ல?"

"எழுதலையே. புள்ளி எழுத்தாகாதுல்லா?"

மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். கோட்டும் டையுமாக நின்றிருந்த லியோனார்ட் அங்கிள் இரண்டு கைகளையும் அவசரமாக மேலே தூக்கிக் காட்டினார்.

"நான் வைக்கல" என்றார். பிறகு கழுத்தை நீட்டி உற்றுப் பார்த்து, "ஆனா சரியா நடுவுலதான் இருக்கு. பாஸ்" என்றார்.